திரைக்கு முதுகு காட்டியவர்

மாமா எடுத்த படங்களைக் கொட்டகையில் உட்கார்ந்து மாமா பார்த்ததில்லை. படம் வெளியாகும் வெள்ளிக்கிழமை மதியம் மதராஸிலிருந்து வாடகைக் காரில் காஞ்சிபுரம் வருவார். திரைக்கு இடது பக்கத்துக் கதவை மறைத்துத் தொங்கும் கறுப்புத் துணிக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் இருக்கும். அங்கே போய் நின்றுகொள்வார். திரைக்கு முதுகு, ஜனங்களுக்கு முகம். படம் முடியும்வரை அப்படியேதான் நிற்பார். திரையின் வெளிச்சம் ஜனங்களின் முகத்தில் ஏறி இறங்குவதை வைத்தே எந்தக் காட்சி ஓடுகிறது என்று அவருக்குத் தெரியும்.

"படத்துல பாக்க எனக்கு இன்னாமா இருக்குது? அதை நான்தானே எடுத்தேன்" என்பார். "இவங்களை நான் எடுக்கலியே."

முகங்களில் எதைப் பார்க்க வேண்டும் என்று அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. கைக்குழந்தை அழுதால் தாய் எழுந்து வெளியே போகிறாளா, இருந்த இடத்திலேயே பால் கொடுக்கிறாளா? இருந்த இடத்தில் கொடுத்தால் காட்சி தேறியது. பீடி பற்றவைக்கக் குச்சியைக் கிழித்தவன் பற்றவைக்க மறந்து விரலைச் சுட்டுக்கொண்டால் சண்டை தேறியது. அழுகிற பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டால் அவ்வளவு நல்லதில்லை. துடைத்தாகிவிட்டால் அவளுக்கு அழுகை முடிந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக் கடித்தால்தான் படம் நூறு நாள்.

எல்லாவற்றுக்கும் மேலே செருப்பு. பெண்கள் பெஞ்சுக்கு அடியில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் படம் பார்ப்பார்கள். படம் முடிவதற்கு முன்பே கால்கள் இருட்டில் செருப்பைத் துழாவ ஆரம்பித்துவிட்டால் மாமாவுக்கு முகம் வெளுத்துவிடும். "கால் செருப்பைத் தேடிடுச்சின்னா அதுக்கப்புறம் சாமியே திரையில வந்து நின்னாலும் பிரயோஜனம் இல்ல."

அவர் பெயரை நான் எழுதவில்லை. சுவரொட்டிகளில் முழ நீளத்துக்கு அச்சிட்ட பெயர்தான். இன்றைக்குச் சொன்னால் யாருக்கும் நினைவு வராது. அவர் என் அம்மாவின் தம்பி, அது போதும்.

நான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். என் வேலையில் முகத்துக்கு இடமில்லை. வருகிறவர்களிடம் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வேன், விடச் சொல்வேன், இருட்டறையில் படத்தைக் கழுவி ஈரத்தோடு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். பார்த்ததை என் முகத்தில் காட்டக் கூடாது. பயிற்சியில் முதலில் சொல்லிக்கொடுத்ததே அதுதான். மாமாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது. "எல்லாரும் ஒன்னை மாதிரி இருந்தா நான் எப்படிமா படம் எடுக்குறது?" என்பார்.

முகம் பார்க்கும் பழக்கம் அவருக்குச் சினிமாவில் வந்ததல்ல, தறியில் வந்தது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் தறி இருந்தது. கோர்வைச் சேலையில் ஊடை நூலை ஓட்ட உடலுக்கு ஒரு நாடா, கரைக்குத் தனியாக ஒரு நாடா. நெய்கிறவர் தறியில் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் இன்னொருவர் இருந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். இரண்டு பேரும் ஒரே மூச்சில் வேலை செய்தால்தான் ஓடும். மற்றவர்கள் நூலைப் பார்த்துத் தள்ளுவார்கள். அம்மா தறியில் உட்கார்ந்த காலத்தில் மாமாதான் அவளுக்குக் கரை தள்ளினார். அவர் பார்த்தது அம்மாவின் முகத்தை. "நூலு அப்புறம்தான் அசையும். அக்காவோட புருவம் முன்னாடியே அசைஞ்சிடும்" என்பார்.

என்னைப் பெண் பார்க்க ஒரு குடும்பம் வந்தபோது மாமா மாப்பிள்ளையைப் பார்க்கவே இல்லை. மாப்பிள்ளையின் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் போனதும், "வேணாம்கா" என்றார்.

"ஏன்டா? பையனுக்கு நல்ல வேலை இருக்குது."

"இவ ஆஸ்பத்திரி வேலையப் பத்திப் பேச ஆரம்பிச்சப்பவே அந்தம்மா கால் செருப்பைத் தேடிச்சி."

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த இடம் வேண்டாமென்றே போனது. அந்தக் குடும்பத்தைப் பற்றிப் பின்னால் கேள்விப்பட்டபோது மாமா சொன்னது சரியாக இருந்தது.

எல்லா நேரமும் இது சிரிக்கும்படி இருந்ததில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு சாவு. மாமா மாலை போட்டுவிட்டு வெளியே வந்து ஆண்களோடு உட்காரவில்லை. பிணத்தின் தலைமாட்டில் சுவரோரமாக நின்று, அழுகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். செத்தவருடைய மருமகன் பொறுக்க முடியாமல், "இன்னா சார், எழவு வூட்லயும் ஷூட்டிங்கா?" என்று கேட்டுவிட்டான். மாமா தலைகுனிந்து வெளியே வந்தார். அடுத்த படத்தில் அந்த வீட்டு மூத்த மகள் அழுத விதம் அப்படியே இருந்தது: அழாமல், பிணத்தின் கால் விரல்களைச் சேர்த்துச் சேர்த்து வைத்தது. அந்தப் பெண்ணும் படத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு அவள் வரவில்லை.

அம்மாவின் கதைக்கு வருகிறேன்.

என் அப்பா சேலை மூட்டையோடு பெங்களூருக்குப் போனவர். நான் அப்போது ஒன்றாம் வகுப்பு. சேலைகளைக் கடையில் ஒப்படைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு, வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பியிருக்கிறார். அதற்குப் பிறகு அவரைப் பார்த்தவர்கள் இல்லை. சண்டை இல்லை, கடன் இல்லை, விபத்து நடந்ததாகத் தகவல் இல்லை. கொஞ்ச காலம் தேடினோம். பிறகு அம்மா நிறுத்திக்கொண்டாள். அதை அவள் ஒழுங்காகச் செய்தாள். அப்பாவின் சட்டைகளைச் சலவைக்காரருக்குக் கொடுத்தாள். சைக்கிளை விற்றாள். அவர் உட்கார்ந்து நெய்த தறியில் தான் உட்கார்ந்தாள். பொட்டை மட்டும் அழிக்கவில்லை, "இருக்காரோ இல்லியோ, எனக்கு எதுக்கு அந்த வேலை?" என்றாள். யாராவது விசாரித்தால், "போயிட்டாருமா. வேற பேசு" என்பாள்.

இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் அம்மா காத்திருக்கவில்லை.

மாமா கோடம்பாக்கத்துக்குப் போய், பல பேரிடம் உதவியாளராக இருந்து, தானே படம் எடுக்க ஆரம்பித்து, இரண்டு படம் ஓடிய பிறகு ஒருநாள் வந்து சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"அக்கா, உன் கதைய எடுக்கட்டுமா?"

"என் கதையில இன்னாடா இருக்குது? சண்டை இருக்குதா, பாட்டு இருக்குதா?"

"பாட்டை நான் போட்டுக்குறேன்."

"எடுத்துக்க. ஆனா என்னை அழுமூஞ்சியாக் காட்டாத. நான் அழல."

"தெரியும்கா. பக்கத்துல ஒக்காந்து பாத்துக்கினுதானே இருந்தேன்."

நான் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது அந்தப் படம் வந்தது. நாயகிக்குப் பெயர் மட்டும்தான் வேறு. எங்கள் கூடத்து ஜன்னலில் வளைந்த கம்பி, திரையிலும் அதே இடத்தில் வளைந்திருந்தது. அம்மா தறியிலிருந்து எழும்போது இடது முழங்காலை இரண்டு தட்டுத் தட்டிக்கொள்வாள், நாயகியும் தட்டிக்கொண்டாள். கொண்டையில் ஊசிக்குப் பதில் நூல் சுற்றும் தார்க்குச்சி. அப்பா கிளம்பிய காலையில் பாதி குடித்து வைத்துவிட்டுப் போன காபி டம்ளர். சைக்கிளை வாங்கியவன் தெருமுனைவரை மணியடித்துக்கொண்டே போனது. கடைசியில் நாயகி சட்டைகளைக் கொடுத்துவிட்டு வந்து, கணவன் இடத்தில் உட்கார்ந்து முதல் இழையைப் போடுகிறாள். தறிச் சத்தம். அதோடு படம் முடிந்தது.

முதல் வெள்ளிக்கிழமை நானும் அம்மாவும் எதிர்வீட்டுக் கோமளாக்காவும் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தோம். மாமா தன் இடத்தில் நின்றார். நாயகி சட்டைகளை எடுத்து மடிக்கும்போதே எங்களைச் சுற்றிலும் கால்கள் தேட ஆரம்பித்தன. தரையில் செருப்புகள் உரசும் சத்தம் எனக்கே கேட்டது. வெளியே வந்ததும் ஒரு பெண், "இதுக்கா இம்மாந்தூரம் நடந்து வந்தோம்? இதான் வூட்லயே இருக்குதே" என்றாள்.

அம்மா வீட்டுக்கு வந்து, கால் கழுவி, சாப்பிட உட்கார்ந்தாள். "சரியா எடுத்திருக்கான்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் மறுநாள் தறியில் உட்கார்ந்தபோது பாடினாள். தான் செய்தது சரிதான் என்று யாரோ பெரியவர்கள் வந்து சொல்லிவிட்டுப் போனது மாதிரி இருந்தாள்.

கொட்டகையில் அவள் உட்கார்ந்த இடத்துக்கும் மாமா நின்ற இடத்துக்கும் நடுவில் ஒரு தூண் இருந்தது. அன்று அத்தனை முகங்களையும் பார்த்த மாமா பார்க்காமல் விட்டது அவள் முகம் ஒன்றைத்தான்.

விநியோகஸ்தர் தலையில் அடித்துக்கொண்டாராம். மாமா விவாதிக்கவே இல்லை. செருப்புகளை அவரே பார்த்துவிட்டார். நடிகர்களைத் திரும்பக் கூப்பிட்டு வேறு முடிவு எடுத்தார். கருட சேவைக் காலையில் வரதர் பிள்ளையார்பாளையம் வழியாக வரும்போது கூடும் ஜனத்தை அவர் முன்பே ஒரு மாடியிலிருந்து படம் பிடித்து வைத்திருந்தார். அதைச் சேர்த்துக்கொண்டார். பெரிய வெள்ளைக் குடைகளுக்குக் கீழே, கங்கைகொண்டான் மண்டபத்துப் பக்கம், அரக்குச் சேலை கட்டி நிற்கிற நாயகியைத் தேடிக்கொண்டு கணவன் கூட்டத்தைப் பிளந்து வருகிறான். ஒரு பாட்டு. புதிய கடைசி ரீல் எல்லா ஊர்களுக்கும் போனது. படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. எங்கள் ஊர்ப் பெண்கள் முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதார்கள். சிலர் மூன்றாம் தடவை போய் அழுதார்கள்.

புதிய முடிவைப் பார்த்துவிட்டு வந்த கோமளாக்கா நேராக எங்கள் வீட்டுக்குள் நுழைந்தாள்.

"ஏன்டி, உன் தம்பிக்கு ஏதோ தகவல் வந்திருக்குது."

"இன்னா தகவல்?"

"இன்னா தகவலா? மொதல்ல வரலன்னு எடுத்தாரு. இப்ப வந்துட்டாருன்னு மாத்தியிருக்காரு. ஒண்ணும் தெரியாமயா மாத்துவாரு? நேரா சொல்ல முடியாம படமா சொல்றாருடி!"

அம்மா சிரித்து அவளை அனுப்பிவிட்டாள். அடுத்த நாள் தனியாக மதியக் காட்சிக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவள் நடை வேறாக இருந்தது. தெருவில் இன்னும் நான்கைந்து பேர் கோமளாக்கா சொன்னதையே சொன்னார்கள். ஊரே சொன்னது. ஜன்னல் கம்பி நிஜம், காபி நிஜம், சைக்கிள் நிஜம் என்னும்போது கடைசிக் காட்சி மட்டும் எப்படிப் பொய்யாகும்?

அந்தத் தீபாவளிக்கு அம்மா, வீட்டில் கட்ட ஆளில்லாத ஒரு வேட்டி வாங்கினாள். சோற்றில் ஒரு பங்கு கூடுதலாக வைத்தாள். அரக்கில் ஒரு சேலையைத் தனக்கென்று நெய்துகொண்டாள். விற்பதற்கு நெய்கிறவள் தனக்கென்று நெய்தது அது ஒன்றுதான். வைகாசியில் கருட சேவையன்று அதைக் கட்டிக்கொண்டு, மண்டபத்துப் பக்கம் படத்தில் நாயகி நின்ற இடத்திலேயே போய் நின்றாள். பெருமாள் போய், குடைகள் போய், கூட்டம் கலைந்து, மோர்ப் பந்தலைப் பிரிக்கும்வரை நின்றாள். அடுத்த வருஷமும் போனாள். அதற்கடுத்த வருஷமும்.

மாமாவிடம் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அவன் வாயால சொல்லாத வரைக்கும் நான் கேக்க மாட்டேன். சொல்ல வேணாம்னு உங்கப்பா சொல்லியிருப்பாரு" என்று என்னிடம் சொன்னாள். மாமா வரும்போதெல்லாம் அவருக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைத்து, கண்ணில் ஒரு ரகசியச் சிரிப்போடு பரிமாறுவாள். மாமா அந்தச் சிரிப்பைப் பார்த்தார். படம் ஓடியதில் அக்காவுக்குச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்.

நான் மதராஸில் பயிற்சியில் சேர்ந்த பிறகு ஒரு கருட சேவையில் நெரிசலில் விழுந்து அம்மா முன்கையை ஒடித்துக்கொண்டாள். கட்டுப் போட்டதும் அவள் சொன்னது, "அடுத்த வருசத்துக்குள்ள கூடிடும் இல்ல?" அந்த ஞாயிற்றுக்கிழமை கோடம்பாக்கம் போய் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இட்லியைப் பிட்ட கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"நான் சும்மா மாத்தினேம்மா" என்றார். "செருப்பைத் தேடினாங்க. அதான்."

அடுத்த பஸ்ஸில் காஞ்சிபுரம் வந்தார். நானும் கூட இருந்தேன்.

"அக்கா, அது சினிமா. நானா மாத்தினது. எனக்கு ஒரு தகவலும் வரல."

"சரிடா."

"இன்னா சரி? நம்புக்கா."

"நீ அப்படித்தான் சொல்லுவ. நான் உன்னைக் கேட்டனா? சாப்புடு, ஆறிக்கினு இருக்குது."

"சத்தியமா எனக்குத் தெரியாது!"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "தெரியாதவன் எதுக்குடா வரலன்னு எடுத்துட்டு அப்புறம் வந்துட்டாருன்னு மாத்துவ? இதுவரைக்கும் எனக்கு ஒரு பொய் சொல்லியிருக்கியா?"

அவள் சொன்னது உண்மை. அவர் அவளுக்குப் பொய் சொன்னதில்லை.

அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அந்தப் படம் எங்கள் ஊரில் மறுபடி ஓடியபோது, பழைய முடிவு இருந்த ரீலைத் தகரப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தார். ஆப்பரேட்டர் பாய் பயந்துபோனார்.

"சார், ஜனங்க பெஞ்சை ஒடிச்சிடுவாங்க சார்."

"ஒடிக்கட்டும் பாய். ஒரே ஒரு மேட்னி."

இந்தத் தடவை அம்மாவைத் தூண் மறைக்காத இடமாகப் பார்த்து உட்காரவைத்தேன். நான் திரையைப் பார்க்கவில்லை, மாமாவைப் பார்த்தேன். திரை வெளிச்சத்தின் ஓரத்தில் அவர் முகத்தில் பாதி தெரிந்தது. அத்தனை ஜனங்களில் ஒரே ஓர் ஆளை மட்டும் அவர் பார்த்து நின்றது அன்றுதான்.

நாயகி தறியில் உட்கார்ந்தாள். தறிச் சத்தம். விளக்கு எரிந்தது. ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. பிறகு தரை டிக்கெட்டிலிருந்து ஒருவன் கத்தினான்: "டேய், புருசனை எங்கடா வுட்டீங்க?"

"வாலாஜாபாத் பஸ்ஸுல தூங்கிட்டான்பா!"

சிரிப்பு, விசில், காசைத் திருப்பிக் கொடு என்ற சத்தம். ஒரு சோடா பாட்டில் உடைந்தது. மானேஜர் ஓடிவந்து, ரீல் மாறிவிட்டது, மாலைக் காட்சிக்கு இதே டிக்கெட் செல்லும் என்று கும்பிட்டு அனுப்பிவைத்தார். கொட்டகை காலியானது. அம்மா எழவில்லை. அவள் பாதங்கள் பெஞ்சுக்கு அடியில் ஒன்றின் மேல் ஒன்றாக அசையாமல் இருந்தன.

மாமா வந்து அவள் எதிரில் தரையில் குந்தினார்.

"பாத்தியாக்கா? இதுதான் நான் உனக்கு எடுத்தது. அந்த இன்னொண்ணு இவங்களுக்காக எடுத்தது."

"நல்லாத்தான் இருக்குதுடா" என்றாள் அம்மா. "ஆனா இது பழசு. உனக்குத் தெரியறதுக்கு முன்ன எடுத்தது. பெட்டிய மாத்தி எடுத்தாந்துட்ட. புதுசு இருக்குது இல்ல? அதைப் போடச் சொல்லு."

"அக்கா…"

"போடச் சொல்லுடா."

இரண்டாம் தடவை சொன்னபோது அவள் குரல் உடைந்தது. தாடை நடுங்கியது. மாமா அந்த முகத்தைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தார். அவருடைய தோள் இறங்கியதை நான் கண்டேன். எழுந்து மேலே பார்த்து, "பாய், அதையே போட்டுடுங்க" என்றார்.

எங்கள் மூன்று பேருக்காக விளக்கை அணைத்தார்கள். காலிப் பெஞ்சுகளுக்கு முன்னால் குடைகள் வந்தன, கூட்டம் வந்தது, கணவன் வந்தான். அம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டாள். மாமா அவள் பக்கத்தில் உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் எடுத்த படங்கள் ஓடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் வருவதும் நின்றது. சில வருஷங்கள் கழித்து, எழுபதுகளின் நடுவில், இருமலோடு நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவர் மார்பை நான்தான் படமெடுத்தேன். இருட்டறையிலிருந்து வெளியே வந்தபோது ஸ்டூலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூஞ்சிய நல்லா வச்சிக்கினு இருக்கம்மா" என்றார். "ஒண்ணுமே தெரியல. அதனாலயே தெரியுது."

வார்டில் சேர்த்த பிறகு ஒருநாள் என்னைக் கிட்டே கூப்பிட்டார். "அக்காவைக் கூட்டிக்கினு வா. உங்கப்பா செத்துட்டாருன்னு சொல்லிடறேன். நான் வச்ச முடிவு, நானே மாத்திட்டுப் போறேன்."

"நம்புவாங்களா மாமா?"

"எப்படிச் சொல்றோம்ன்றதுல இருக்குது."

படுக்கையில் சாய்ந்துகொண்டு, மூச்சு வாங்க வாங்க, ஒரு காட்சியை அமைப்பது போலவே அதை அமைத்தார். ஊர் ஹூப்ளி. அப்பா அங்கே ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்த்தார். தனியாகத்தான் இருந்தார், அது முக்கியம், அக்கா அதைக் கேட்பாள். காமாலை. எத்தனை நாள் படுக்கை என்று என்னைக் கேட்டார், நான் சொன்னேன். கொள்ளி வைத்தது கடை முதலாளியின் மகன். ஏன் தகவல் வரவில்லை? ஊர்ப் பெயரை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் என்ன சொன்னார்? இதற்கு மாமா நிறைய நேரம் யோசித்தார். "கரை நல்லா வந்திருக்குதான்னு கேட்டாராம்" என்று வைத்தார். என் அப்பாவின் சாவை நாங்கள் இரண்டு பேரும் அந்த இரும்புக் கட்டிலில் வைத்து அமைத்து முடித்தோம். எனக்கு அழுகை வந்தது. "பாத்தியா, தேறிடுச்சி" என்றார் மாமா.

அம்மா மறுநாள் வந்தாள். ரசம் சாதத்தைக் குழைத்துத் தூக்கில் கொண்டுவந்திருந்தாள். இரண்டு வாய் ஊட்டியதும் மாமா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, அவரைப் பத்தி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அம்மா தூக்கைக் கீழே வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். வார்டில் பக்கத்துக் கட்டில்காரர் இருமினார்.

"ஹூப்ளியில…" என்று மாமா ஆரம்பித்தார்.

"ஹூப்ளியிலயா!" என்றாள் அம்மா.

அந்த முகத்தை நான் எப்படிச் சொல்வேன். இத்தனை வருஷமும் கேட்காமல் வைத்திருந்த கேள்விக்கு ஓர் ஊர் கிடைத்துவிட்டது. கன்னம், கண், நெற்றி எல்லாம் ஒரே நேரத்தில் திறந்துகொண்டன. அவளுக்கு வயது குறைந்தது. "எனக்குத் தெரியும்டா, நீ சொல்லுவன்னு எனக்குத் தெரியும்" என்று அவர் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "சொல்லு, ஹூப்ளியில?"

மாமா என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவர் சொல்ல வேண்டிய அடுத்த வார்த்தை எனக்குத் தெரியும். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஹூப்ளியில இருக்காருக்கா" என்றார். "நல்லா இருக்காராம்."

அம்மா மிச்சச் சாதத்தையும் சிரித்துக்கொண்டே அவருக்கு ஊட்டினாள். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த வாரத்திலேயே போய்விட்டார். மதராஸிலேயே எரித்தோம். சினிமாக்காரர்கள் கொஞ்சப் பேர்தான் வந்தார்கள். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். கூடப் பிறந்த ஒரே தம்பி. காரியமெல்லாம் முடிந்த பிறகு நானும் அவளும் ஊர் திரும்ப பஸ் நிலையத்துக்கு வந்தோம். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது. காஞ்சிபுரம் பஸ்ஸில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மா ஏறவில்லை. பலகையில் எழுதியிருந்த ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு நின்றாள்.

"நீ படிச்சவ" என்றாள். "ஹூப்ளிக்கு எங்கம்மா ஏறணும்?"

அவள் முகத்தைப் பார்த்தேன்.

"பெங்களூர் போயி ரயில் மாறணும்மா" என்றேன்.